தூக்கிப் பார்த்து வாங்கிய எஞ்சின்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாக வரும். அதனால் நாங்கள் குடியிருக்கும் வீடு என்னுடையது. தோணி என் கணவருடையது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கேட்காமல் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அறைந்ததில்லை. நானும் தோணி விஷயத்தில் வாய் திறந்ததில்லை. மகள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, களுதாவளைக்குப் போகும்வரை இந்த ஒழுங்கு சண்டையில்லாமல் நடந்தது. அவருடைய வலது தோள் பழுதான பிறகுதான் நான் தோணி விஷயத்தில் தலையிட வேண்டி வந்தது.

மாரிக்கு முன்னால் கூரையில் ஓடு மாற்ற ஏறினார். கால் சறுக்கியது. விழாமலிருக்க ஒரு கையால் மரத்தைப் பிடித்துத் தொங்கிவிட்டார். கீழே வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. தோளுக்குள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, வலை இழுக்கலாம், பாரம் தள்ளும் வேலை இனி வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தோணிக்காரனுக்குப் பாரம் தள்ளுவதுதானே வேலை. பின்பக்கத்தில் நின்று நீளக் கம்பை அடியில் ஊன்றித் தள்ளினால்தான் தோணி நகரும்.

முன்பு அவரோடு தொழிலுக்குப் போன அவருடைய தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். நான் அந்த வருஷம்தான் முன்பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து விலகி வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலையில் கம்பை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

"நீ எங்க போறாய்?" என்று கேட்டார்.

"உங்களோடதான் வாறன். மறுகா ஆரு தள்ளுற?"

அவர் என்னையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு அதன் மேற்குக் கரையில், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. வலை போடும் இடம் எதிர்ப்பக்கம், எழுவான்கரையை அண்டி. காற்றில்லாத காலத்தில் நான் சமாளித்தேன். தோணி கொஞ்சம் கோணல்மாணலாகப் போகும், ஆனாலும் போய்ச் சேரும். கச்சான் காலம் வந்ததும் கதை மாறியது. கச்சான் என்றால் மேற்கிலிருந்து வயல்களைத் தாண்டி வரும் சூட்டுக் காற்று. காலையில் சும்மா இருக்கும், வெயில் ஏற ஏற எழும்பும். நாங்கள் வலை எடுத்து வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது நேரே முகத்தில் அடிக்கும்.

ஒரு நாள் ஆற்றின் நடுவில் என்னால் முடியவில்லை. கம்பை ஊன்றித் தள்ளினால் ஒரு முழம் முன்னால் போகும். கம்பை உருவி அடுத்த ஊன்று ஊன்றுவதற்குள் இரண்டு முழம் பின்னால் போகும். "கிறுக்கு புள்ள, தலைப்பக்கத்தைக் காத்துக்குக் கிறுக்கு!" என்று அவர் கத்தினார். எங்கள் பேச்சில் கிறுக்கு என்றால் திருப்பு. கிறுக்கினேன். தோணி சுற்றி வந்து குறுக்கே நின்றுவிட்டது. அவர் இடது கையால் துடுப்பை எடுத்து வலித்தார். அதனால் இன்னொரு சுற்று சுற்றியது. கடைசியில் காற்று எங்களைக் கொண்டுபோய் எழுவான்கரைக் கண்டல் மரங்களுக்குள் செருகிவிட்டது. பின்னேரம் காற்று தணியும்வரை அங்கேயே இருந்தோம். மீனுக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டு, அடிக்கடி தண்ணீர் தெளித்தேன். என்ன தெளித்தும் அந்த வெயிலுக்கு மீன் தாக்குப்பிடிக்கவில்லை.

அவர் சாக்கைத் தூக்கி மீனைப் பார்த்தார். பிறகு, "என்னால ஏலாமப் போச்சு" என்றார்.

"உங்களால ஏலாட்டி என்ன? ஒரு சின்ன இஞ்சின் எடுப்பம்."

அதற்குத்தான் காத்திருந்தவர்போல ஒவ்வொரு நியாயமாக எடுத்துவிட்டார். பின்பக்கம் கனத்துத் தோணிக்குள் தண்ணீர் ஏறும். சத்தத்துக்கு மீன் ஓடும். சேற்றில் மாட்டும். போதாததற்கு, "யப்பான் மீனைப் புடிக்க யப்பான் இஞ்சின் வேற வேணுமோ?" என்றார். திலாப்பியாவை இங்கே யப்பான் மீன் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ்வளவு ஆசையெண்டா நீயே போய்ப் பாத்து எடு. எனக்கு அதப்பத்தி ஒண்டும் தெரியா."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் தோணிக்காரர் வாயால் சொன்ன சொல். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மீனை வாங்கி விற்பது அவருடைய தங்கை, என் மச்சாள். ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வட்டை என்கிற வயல்வெளிகளுக்கெல்லாம் போய், வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வரம்பில் வைத்தே மீன் விற்பாள். எங்கள் மீன் நேரத்துக்கு வராவிட்டால் அவளுக்கும் வியாபாரமில்லை. அதனால் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "ஓட்டமாவடியில ஒரு நானா பழைய இஞ்சின் திருத்தி விக்கிறாராம். வெள்ளனப் போவம் மச்சாள்" என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

பட்டணம் போய், அங்கே பஸ் மாறி, இருவரும் ஓட்டமாவடியில் இறங்கினோம். தகரக் கொட்டகைக்குள் பட்டறை. நரைத்த தாடியோடு ஒரு நானா ஸ்டூலில் இருந்து எதையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். பல வருஷம் வளைகுடா நாட்டில் படகுகளில் வேலை செய்து திரும்பியவர் என்று பேச்சில் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரல்லியா தங்கச்சி?"

நான் பதில் தேடுவதற்குள் மச்சாள் சொன்னாள்: "இஞ்சின் ஓட்டப் போறது இவதான் நானா. கேக்கிறத இவட்டயே கேளுங்க."

நானா அரத்தைக் கீழே வைத்தார். ஸ்டூலை என் பக்கம் திருப்பினார். என்ன தோணி, என்ன நீளம், எவ்வளவு தண்ணீரில் ஓடும், வலை எடுக்கும் இடத்தில் சேறா மணலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கு நான் நினைத்ததைவிட அதிகம் தெரிந்திருப்பது தெரிந்தது. கடிக்கிற நுளம்பைத் தட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி ஊன்றி, அந்த ஆற்றின் அடியை நான் படித்துத்தான் இருந்தேன்.

முதலில் கொட்டகையின் நடுவில் மரச் சட்டத்தில் நின்ற பெரிய எஞ்சினைக் காட்டினார். "எட்டுக் குதிரை. கச்சான் என்ன, புயலுக்கும் போகும்."

"தூக்கிப் பாக்கட்டா?"

"தூக்கி என்ன செய்யப் போறீங்க? தோணியில பூட்டினா அதிலதானே இரிக்கும்."

"துறையில விட்டுட்டு வர ஏலாது நானா. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டு போகணும். அவருக்குத் தோள் ஏலா. தூக்கிறதும் நான்தான்."

பிடித்து இழுத்தேன். சட்டத்தோடு சேர்ந்து நகர்ந்ததே தவிர எழும்பவில்லை. இரண்டாவது, நீல நிறத்தில் புதுப் பெயின்ட் பூசி மினுங்கியது. மச்சாளுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதைத் தூக்க முடிந்தது, ஆனால் தூக்கியபடி நடக்க முடியவில்லை. தண்ணீர் நிரம்பிய பீப்பாய்க்குள் இறக்கி ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்துச் சின்ன ஓட்டையால் தண்ணீர் பீறிட்டு வர வேண்டுமாம்; அந்தத் தண்ணீர்தான் உள்ளே சூடேறாமல் பார்த்துக்கொள்கிறதாம். நீலத்துக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. "பம்பு மாத்தித் தாறன்" என்றார். மச்சாள் என் காதுக்குள், "நிறம் நல்ல நிறம் என்ன?" என்றாள்.

அப்போதுதான் சுவரோரம் ஒரு பழைய டயரின் மேல் சாய்த்திருந்த மூன்றாவது எஞ்சினைக் கண்டேன். சின்னது. எண்ணெய்த் தாங்கி தலையிலேயே தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. பெயின்ட் பெரும்பாலும் போய் உலோகம் தெரிந்தது. ஒரு பக்கம் நெளிவு. ஆனால் கைபிடி தேய்ந்து வழவழப்பாக இருந்தது. துருவின் சாயலே இல்லை.

"அது?"

"அது பழசு தங்கச்சி. என்ட வயசுக்குக் கிட்ட வரும். ரெண்டு குதிரைதான். கியரும் இல்ல, கயித்த இழுத்தா உடனே ஓடும்."

"அப்ப பின்னால போறது எப்பிடி?"

அவர் எழுந்துபோய் அதைச் சட்டத்தில் பூட்டினார். தலையைப் பிடித்து அப்படியே அரைச் சுற்றுத் திருப்பிக் காட்டினார். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த எஞ்சின் பின்னால் பார்த்தது. "இப்பிடித்தான். ஆளையே கிறுக்கி விடணும்." மச்சாள் வாய்விட்டுச் சிரித்தாள். நானாவும் சிரித்தார்.

நான் சட்டத்திலிருந்து கழற்றித் தூக்கிப் பார்த்தேன். ஒரு அரிசிப் பைக் கனம். இடுப்பில் குடம் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு கொட்டகையைவிட்டு வெளியே நடந்தேன். தெருவரை போய்த் திரும்பி வந்தேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது; ஆனால் மூச்சு வாங்கவில்லை. வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு நானே மாற்றிக்கொண்டேன்.

"இது போதும் நானா. இதத் தாங்க."

அவர் தாடியைத் தடவினார். "அது விக்கிறதுக்கு வெச்சதில்ல. வெள்ளிக்கிழமையில தொழுதுட்டு நான் தூண்டில் போடப் போற இஞ்சின்."

ஒருவர் ஆசையாக வைத்திருப்பதைக் கேட்டுவிட்டோமே என்று கூச்சமாகிவிட்டது. அந்த நேரம் அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கோப்பையை என் கையில் தந்துகொண்டே சொன்னார்:

"எந்த வெள்ளிக்கிழம? போன வருஷம் ரெண்டு தரம் போன. அதில ஒரு தரம் மீனும் இல்ல. அந்தப் புள்ள தொழிலுக்குக் கேக்கிறா, குடுங்க."

நானா எங்கள் முன்னால் அவரோடு தர்க்கிக்க விரும்பவில்லை. கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்தார். "ஓட்டிப் பாருங்க முதல்ல. உங்கட கைக்கு வருதாண்டு பாப்பம்" என்று பீப்பாய்க்குள் இறக்கினார்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு இருமிற்று. தாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு திருகு இருக்கிறது, அதை இளக்க வேண்டும் என்றார். இளக்கிவிட்டு, காலை ஊன்றி, தோளிலிருந்து இழுத்தேன். பிடித்துக்கொண்டது. புகை கொட்டகையை நிறைத்தது. பீப்பாய்த் தண்ணீர் கலங்கி நாலு பக்கமும் அடித்தது. பின்பக்க ஓட்டையால் விரல் தடிப்பில் தண்ணீர் வளைந்து பாய்ந்து மச்சாளின் சட்டையை நனைத்தது. "ஐயோ!" என்று துள்ளி விலகினாள். எஞ்சின் நடுங்க, கைபிடி வழியாக நானும் நடுங்கினேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"சாமான் உடைஞ்சா கிடைக்குமா நானா?"

"பிளக் எங்கயும் கிடைக்கும். மத்தது இஞ்ச கொண்டு வாங்க, கடைஞ்சு தாறன்." பிறகு மனைவியைப் பார்த்தார். "கொண்டு போகட்டும். ஆத்தில ஓடினாத்தானே அதுக்கும் நல்லம்."

எங்களிடம் இருந்த காசும் அவர் கேட்ட விலையும் அவ்வளவு தூரத்தில் இல்லை. தண்ணீரைத் தள்ளும் விசிறியைப் பிடித்திருக்கும் பின் உடைந்தால் மாற்ற, இரண்டு பித்தளைப் பின்களையும் ஒரு துணியில் முடிந்து தந்தார்.

பெற்றோலை வடித்துவிட்டு, உரச் சாக்கால் சுற்றிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். கண்டக்டர் அதைச் சீட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னார். "எண்ணெய் ஒழுகினா உங்கட பஸ்தான் நாறும்" என்றாள் மச்சாள். அவர் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, தையல் மெஷினா என்று கேட்டார். தோணி இஞ்சின் என்றேன். வழி முழுக்கத் தன் மகன் கடலில் ஓட்டும் படகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கை அவிழ்த்தபோது கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"இதென்ன, தேங்காய் துருவிற மெசினா?"

"ஓம். உங்களுக்குப் புட்டுக்கு."

அன்று அதைத் தொடவில்லை. மறுநாள் நான் கிணற்றடியில் நின்றபோது, எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டேன். என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டார். பின்னேரம் வளவுக்குள் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் தோணியின் இரண்டு முனையும் கூர். எஞ்சின் பூட்ட இடமில்லை. அதற்காகப் பழைய கட்டில் சட்டம் ஒன்றை எடுத்து, தோணிக்குக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்படி அளந்துகொண்டிருந்தார். இடது கையால் ஈர்வாளைப் பிடித்து அறுப்பது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் போய் மரத்தை மறுமுனையில் மிதித்துக்கொண்டேன்.

"பின்னுக்குப் பூட்டினா தண்ணி ஏறும். பக்கத்தில பூட்டினா நான் மற்றப் பக்கம் இருந்து சமப்படுத்தலாம்" என்றார், மரத்தைப் பார்த்தபடி. தோள் பழுதான பிறகு அவர் தோணியைப் பற்றி இப்படி விளக்கிச் சொன்னது அன்றுதான். இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "வாறன் வாறன்" என்பார், வரமாட்டார். அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாகச் சமைத்தேன்.

முதல் ஓட்டம் ஒரு காலையில். துறையில் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கயிற்றை இழுத்ததும் உடனே ஓடும் என்று நானா சொன்னதை நான் பீப்பாய்க்குள் மட்டும்தான் பார்த்திருந்தேன். தோணியில் இழுத்தபோது, தோணி எங்களுக்குக் கீழிருந்து பாய்ந்தது. நான் பின்னால் சாய்ந்தேன், சாய்ந்த கை கைபிடியைத் தள்ளியது, தோணி வட்டமடித்தது. துறையைச் சுற்றி இரண்டு வட்டம். மூன்றாவதில் ஆற்றுவாழை என்னும் ஆகாயத்தாமரைக்குள் போய் நுழைந்து, வேர் விசிறியில் சுற்றி, எஞ்சின் நின்றது. விசிறிப் பின்னும் முறிந்திருந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஓட்டி வாற வழியெல்லாம் ஆத்துவாழை புடுங்கித் தாறாய் போல" என்றார்.

வேரை வெட்டி எடுத்தோம். பின்னை மாற்றுவதற்குள் அது தண்ணீரில் விழப் பார்த்தது. அவர் இடது கையால் பிடித்துவிட்டார். மறுபடி இழுத்தேன். இம்முறை கைபிடியைப் பயப்படாமல் பிடித்தேன். நேரே போனது. வேகம் பெரிதில்லை, சைக்கிளில் அவசரமில்லாமல் போகும் ஆளின் வேகம். எழுவான்கரையை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்தித் தூக்கிச் சாய்த்துவிட்டுக் கம்பால் போனோம். வலைக்குப் பக்கத்தில் சத்தம் போடுவதில்லை என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். மீன் ஓடும் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

வலை எடுத்து முடிந்து திரும்பும்போது கச்சான் எழும்பிவிட்டது. தோணியின் தலை அலையில் அடித்து முகத்தில் தண்ணீர் தெறித்தது. எஞ்சினின் சத்தம் கொஞ்சம் கனத்தது, ஆனால் நிற்கவில்லை. எங்கள் கரை மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் முன்பக்கத்தில், வேலை ஒன்றுமில்லாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னார்: "இவ்வளவு காலம் நான் பின்னுக்கு நிண்டுதானே வந்த. நீ தள்ளின நாளிலயும் திரும்பி உன்னத்தான் பாத்துட்டு வந்த. முன்னால இருந்து பாத்தா ஆறு வேற மாதிரி இரிக்கி புள்ள!"

"எப்பிடி இரிக்கி?"

கொஞ்சம் யோசித்தார். "பெரிசா இரிக்கி."

துறையில் மச்சாள் ஸ்கூட்டரோடு நின்றாள். மீன் அப்போதுதான் துள்ளி அடங்கியிருந்தது. மணலை மீனும் யப்பான் மீனும், ஒரு கை இறாலும். பெட்டியை நிரப்பிக் கட்டிக்கொண்டு, வட்டையில் ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையேறும் முன் போய்விட வேண்டும் என்று பறந்தாள். நான் எஞ்சினைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் வலையையும் எண்ணெய்க் கானையும் இடது கையில் எடுத்துக்கொண்டார். வழியில் ஒரு வேலியோரம் இருவரும் நின்று இளைப்பாறினோம்.

இப்போது அதுதான் எங்கள் வழக்கம். எஞ்சின் என் பொறுப்பு, வலை அவர் பொறுப்பு. கச்சான் காலத்திலும் வெயில் உச்சிக்கு வரும் முன் வீடு வந்துவிடுகிறோம். அந்த முதல் நாளும் அப்படித்தான். குளித்து, ஒரு மணலையைக் குழம்பு வைத்து, இருவரும் சாப்பிட்டோம். பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமே இருக்கவில்லை. கைபிடியின் நடுக்கம் இன்னும் விரல்களில் இருந்தது. முன் அறையில் பாயைப் போட்டுப் படுத்தேன். வெளியே காற்று தென்னைகளைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் பகலில் தூங்கியவள் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன்.